169-இல் தொடங்கும் முகவரி

ஏகாம்பரம் மெஸ்ஸில் சாம்பார் கேட்டால் முதலாமாண்டுப் பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள், ரயில் வந்துவிட்டது என்று. அவன் குரல் அப்படிப்பட்டது. கனமான, தெளிவான, எந்த நடைமேடை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராத குரல்.

அது அவன் குரல் இல்லை. ஆறு வயதில் தொண்டையில் ஒரு கட்டியை எடுத்தபோது குரலும் கூடவே போய்விட்டது. கழுத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி மாட்டியிருப்பான். தொண்டைத் தசை அசைவதைப் பெட்டி படித்து, நெட்வொர்க் வழியாக எங்கோ இருக்கிற கம்பெனிக் கணினிக்கு அனுப்பும். அங்கிருந்து பேச்சு திரும்பி வரும். "அண்ணாச்சி, சாம்பாரு" என்று அவன் தொண்டையை அசைத்தால், "அண்ணாச்சி, தயவுசெய்து சாம்பார் வழங்குங்கள்" என்று பெட்டி சொல்லும். மரியாதை கம்பெனியின் இலவச இணைப்பு. உலகத்தில் அந்தப் பெட்டி போட்ட எல்லாருக்கும் அதே குரல்தான். ஆஸ்பத்திரிக் கூடத்தில் பெட்டி போட்ட இரண்டு பேர் சண்டை போட்டதை ஏகாம்பரம் ஒருமுறை பார்த்திருக்கிறான். ஒரே ஆள் தன்னைத்தானே மிகக் கண்ணியமாகத் திட்டிக்கொள்வது போல் இருந்ததாம்.

ஆகவே இறுதியாண்டு ப்ராஜெக்டாக அவன் தனக்கு ஒரு குரல் செய்தான். ஆறாவது பிறந்தநாள் வீடியோவில் பலூனுக்காக அவன் அழுத அழுகை இருந்தது. அதோடு அப்பா பேச்சையும் அண்ணன் பேச்சையும் சேர்த்து, அந்த அழுகை இருபத்தோரு வயதுக்கு வளர்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டு எடுத்த குரல். லேப் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறோம். ஆனால் அவன் கழுத்திலிருந்து அது வந்ததில்லை. அங்கீகாரம் இல்லாத குரலைக் கம்பெனிக் கணினி பெட்டிக்குள் விடாது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு எடுக்க வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேட்டுப் பார்த்து, ஒப்புதல் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்தக் குரல் ஆயுசுக்கும் அவனுடையது. தவறவிட்டால் அடுத்த வருடம்வரை சாம்பார் வழங்குங்கள்தான்.

அந்த வைவா திங்கட்கிழமை காலை. திங்கட்கிழமை காலை ஏகாம்பரம் கல்லூரி வாசலில் ஊமையாக நின்றுகொண்டிருந்தான்.

எங்கள் அன்னை தங்கபுஷ்பம் தொழில்நுட்பக் கல்லூரியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில், காற்றாலைகள் தவிர வேறு துணையில்லாமல் இருக்கும். நாட்டில் எல்லா இடங்களையும் போல இங்கேயும் வருகைப் பதிவு ஒழிந்து வருடங்கள் ஆகிவிட்டன. நெட்வொர்க்கில் ஒருவனுக்கு முகவரி இருந்தால் அவன் இருக்கிறான். இல்லையென்றால் அவன் இல்லை. கையில் கட்டியிருக்கும் பட்டை வாசலில் முகவரி கேட்கும். 'அரவணைப்பு' என்று பெயர் வைத்த கல்லூரிக் கணினி ஒன்றைக் கொடுக்கும். அதை வைத்துத்தான் கேட் திறக்கும், லேப் திறக்கும், தட்டில் சோறு விழும், கேள்வித்தாள் வரும். ஏகாம்பரத்துக்குக் கழுத்துப் பெட்டிதான் பட்டை. ஆக முகவரி கிடைக்கவில்லை என்றால் அவனுக்குக் கேட்டும் இல்லை, பேச்சும் இல்லை.

ஊருக்குப் போய்விட்டு முதல் பஸ்ஸில் திரும்பியிருக்கிறான். கேட் அவனைக் கண்டுகொள்ளவில்லை. செக்யூரிட்டி சுடலைமுத்து அண்ணாச்சி தன் திரையைப் பார்த்தார், எதிரே நிற்பவனைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"தம்பி, மெஷின்ல நீங்க இன்னும் வரலையே" என்றார்.

ஏகாம்பரம் போனில் எழுதி அவருக்குக் காட்டினான். அவர் வாசித்துவிட்டு, வந்ததும் விடுகிறேன் என்று ஆறுதல் சொன்னார்.

நானும் ரெக்ஸலினும் உள்ளேயிருந்து ஓடிவந்தோம். ரெக்ஸலின் தூத்துக்குடிக்காரி. ஏழு செமஸ்டரும் அவள்தான் முதல். இது தெரியாதவர்கள் கல்லூரியில் கிடையாது, அவளே சொல்லியிருப்பாள். எதையும் மூன்று பிரதி எடுத்து வைப்பாள். எங்கள் ப்ராஜெக்டுகளையும் நாங்கள் கேட்காமலே எடுத்து வைத்துவிட்டு, நீங்களெல்லாம் உருப்பட மாட்டீர்கள் என்பாள். அவளோடு ஒரு பெஞ்சில் உட்காருவது கஷ்டம். ஆனால் ஒரு கணினி கெட்டுப்போனால் அவள் அதன் முன்னால் உட்காருவதைப் பார்க்க வேண்டும். நானெல்லாம் அணைத்துப் போடுவேன், தட்டுவேன், சாபம் விடுவேன். அவள் எதையும் தொட மாட்டாள். முதலில் கேட்பாள், வயிற்றுவலிக்காரனை விசாரிப்பது போல.

பெட்டி உயிரோடு இருக்கிறதா, இருக்கிறது. சிக்னல் வருகிறதா, வருகிறது. வீட்டில் வேலை செய்ததா, காலையில் அம்மாவோடு சண்டைகூடப் போட்டானாம். அவள் பட்டைக்கும் என் பட்டைக்கும் முகவரி இருக்கிறதா, இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மடிக்கணினியைத் திறந்து பெட்டியோடு சேர்த்து ஒட்டுக்கேட்டாள்.

"கத்திக்கிட்டேதான் இருக்கு பாவம். பதில்தான் வரல" என்றாள்.

"யாரு கத்துறா?" என்றேன்.

"ஏல செல்வின், நாலு வருசம் என்னத்தல படிச்ச? கல்யாண வீட்டுல பந்திக்குப் போறேல்லா. உள்ள நுழைஞ்சதும் என்ன செய்வ?"

"செருப்ப எங்க விடுறதுன்னு பாப்பேன்."

"அதுக்கப்புறம்."

"எடம் இருக்கான்னு சத்தம் குடுப்பேன்."

"அதத்தான் இதுவும் செய்யுது. பந்தி விசாரிக்கிறவரு, இந்தா இந்த எலை காலியா இருக்கும்பாரு. அப்ப நான் உக்காருதேன்னு இது சொல்லும். சரி உக்காருன்னு அவரு சொல்லுவாரு. அவ்வளவுதான் விசயம். இவன் பெட்டி காலையிலேருந்து எடம் எடம்னு கத்துது. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

"விசாரிக்கிறவரு செத்துட்டாரா?"

"ஒனக்கும் எனக்கும் எலை போட்டிருக்காருல்லா? உயிரோடதான் இருக்காரு. குடுக்க எலை இல்ல."

அதுதான் புரியவில்லை. வார இறுதிக்குப் பாதி ஹாஸ்டல் ஊருக்குப் போயிருந்தது, இன்னும் திரும்பவில்லை. பந்தி காலியாக அல்லவா இருக்க வேண்டும்.

ரெக்ஸலின் கேட்டுக்கு மேலே இருந்த பெரிய பலகையை நிமிர்ந்து பார்த்தாள். வளாகத்தில் எந்தக் கட்டடத்தில் எவ்வளவு பேர் என்று பெருமையாகக் காட்டிக்கொண்டிருக்கும் பலகை. எங்கள் பிளாக்கில் கொஞ்சம், நூலகத்தில் கொஞ்சம். நான்காம் பிளாக்கில் மட்டும் அரங்கம் நிறைந்த கூட்டம். திரும்பி நான்காம் பிளாக்கைப் பார்த்தோம். அங்கே தூண்கள் நின்றன. கூரை இன்னும் போடவில்லை. இரண்டு ஆடுகள் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

"இன்னைக்குத் தரச்சான்றுக் குழு வருதுல்லா" என்றாள் ரெக்ஸலின் மெதுவாக.

குழு எதையும் சுற்றிப் பார்ப்பதில்லை. எத்தனை முகவரி உயிரோடு இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணுவார்கள். எனவே தாளாளர் மாணவர்களைச் செய்துவிட்டார். பெயர் உண்டு, பிரிவு உண்டு, காலையில் நூலகம், பதினொரு மணிக்கு டீ, சிலருக்கு லேசாகத் தாமதமாக வரும் பழக்கம்கூட வைத்திருந்தார்கள். வேலை சுத்தம். ஆள் மட்டும் கிடையாது. கல்லூரி விலைக்கு வாங்கியிருந்த முகவரிகளையெல்லாம் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

"பஸ்ல சன்னல் வழியா துண்டப் போட்டு எடம் பிடிப்பாங்கல்லா, அந்த மாதிரி. பஸ் பூரா துண்டு. ஏறுனவன் நிக்கான்" என்றாள்.

ஏகாம்பரம் போனில் ஏதோ எழுதி நீட்டினான். 'நீங்க ரெண்டு பேரும் போங்க. நேரமாச்சு' என்று இருந்தது. அவள் அதைப் படித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தன் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வைவா வரிசையில அவன் பேரு முன்னாடி, என் பேரு பின்னாடி. நான் எந்திரிச்சா ஒரு எலை காலியாகும். அவன் உக்காந்து முடிச்சிட்டு வந்து எனக்குத் தரட்டும்."

உனக்கும் இன்றைக்குத்தானே வைவா, உள்ளே கூப்பிடும்போது உனக்கு முகவரி இல்லாவிட்டால் ஆப்சென்ட் விழும், முதல் தடவையிலேயே தேறியவர்களுக்குத்தான் மெடல் என்று நான் ஞாபகப்படுத்தினேன். ஏழு செமஸ்டராக அவள் எங்களுக்கு ஞாபகப்படுத்திய விஷயம்தான். ஏகாம்பரம் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினான். அவள் பட்டையை அழுத்தி முகவரியை விட்டுவிட்டாள்.

கேட் திறந்தது.

பலகையில் பூப்போட்ட எழுத்தில் 'நல்வரவு, சு. மிருதுளாதேவி' என்று வந்தது. கேட் இரண்டு விநாடி மரியாதையாகத் திறந்து நின்றது. யாரும் நுழையவில்லை. மூடிக்கொண்டது. நான்காம் பிளாக்கில் ஒரு ஆள் கூடியது.

தாமதமாக வரும் பழக்கம் வைத்திருந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா. அவர்களில் ஒருத்தி.

சுடலைமுத்து அண்ணாச்சி ரெக்ஸலினைப் பார்த்தார். "பாப்பா, இப்ப நீங்களும் வரலன்னு காட்டுதே" என்றார்.

அந்த நேரத்தில் நானாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பேன், அல்லது ஆட்டை விரட்டப் போயிருப்பேன். ரெக்ஸலின் வாசல் பக்கத்து நிழற்கொட்டகையில் போய் உட்கார்ந்து மடிக்கணினியை மடியில் வைத்தாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் நான் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் மட்டும் சொன்னதில்லை, சொன்னால் அப்புறம் அவளைத் தாங்க முடியாது.

நானும் என் முகவரியை விடவா என்று கேட்டேன். அதையும் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளும், உள்ளே போய்ச் சொல்ல ஒரு ஆளாவது இருக்கட்டும் என்றாள். தனியாக ஒரு குட்டி நெட்வொர்க் போட்டால் என்ன என்றேன். கல்லூரி எல்லைக்குள் போட்டால் அரவணைப்பு அமுக்கிவிடும் என்றாள். இரண்டு யோசனை சொல்லியாகிவிட்டது, என் பங்கு முடிந்தது.

"எடம் கேட்டுக் கேட்டுக் கெடைக்கலன்னா இதுக எல்லாம் என்ன செய்யும்னு தெரியுமால?" என்றாள். "தானா ஒரு நம்பர எடுத்துக்கும். 169-ல ஆரம்பிக்கும். அந்த நம்பரப் பாத்தாலே எல்லாரும் போச்சு, செத்துச்சும்பாங்க. ஆனா அதுக்கும் ஒரு அர்த்தம் இருக்கு. பந்தியில எடமில்லாதவன் வாசல்ல சேரப் போட்டு உக்காந்த மாதிரி. உள்ள ஒருத்தனும் சீந்த மாட்டான். வாசல்ல இன்னொருத்தன் உக்காந்திருந்தா அவன்கூடப் பேசிக்கலாம். யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம்."

ஏகாம்பரத்தின் பெட்டி காலையிலிருந்தே 169-இல் உட்கார்ந்திருந்தது. பேச ஆளில்லாமல். இப்போது ரெக்ஸலினின் மடிக்கணினியும் ஒரு 169-ஐ எடுத்துக்கொண்டது. அந்த மடிக்கணினிக்குள், அவள் யாரும் கேட்காமல் எடுத்து வைத்த மூன்று பிரதிகளில் ஒன்றாக, ஏகாம்பரத்தின் குரல் இருந்தது. கம்பெனிக் கணினி எட்டாத தூரத்தில் இருந்ததால், இது அங்கீகரிக்கப்பட்ட குரலா என்று கேட்க அங்கே யாருமில்லை. பெட்டி அவன் தொண்டை அசைவுகளைப் பக்கத்தில் இருந்த ஒரே கணினிக்கு அனுப்பியது.

ஏகாம்பரத்தின் கழுத்திலிருந்து ஒரு கரகரப்பு வந்தது. பிறகு:

"ஏட்டி, கூறு கெட்டவளே, ஒன் அட்ரஸ எதுக்குட்டி விட்ட?"

சன்னமான குரல். மூக்கால் பேசுகிற குரல். ரயில் அதைக் கேட்டால் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். அவன் வாயைப் பொத்திக்கொண்டான். பொத்தியும் ஒரு 'ம்ம்' வந்தது, ஏனென்றால் அது கழுத்திலிருந்து வந்தது. கண்ணில் தண்ணீர். ரெக்ஸலின் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"மொதல் வார்த்தையே நன்றியா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

"மெடலு போச்சேட்டி."

"போனா போவுது. நீ பேசிக்கிட்டே இரு, சத்தம் வெட்டுதான்னு பாக்கணும்."

பிறகுதான் அவள் நெற்றியைச் சுருக்கினாள். வாசலில் யார் யார் இருக்கிறீர்கள் என்று மடிக்கணினி குரல் கொடுத்துப் பார்த்திருக்கிறது. இரண்டு பதில் வந்திருக்கிறது. ஒன்று ஏகாம்பரத்தின் பெட்டி. இன்னொன்று யாருடையதோ.

கொட்டகையின் மறுகோடியில் ஒரு அம்மாள் தன் பையின் மேல் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏதோ ஒரு பிள்ளையைப் பார்க்க வந்த தாயார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சுடலைமுத்து அண்ணாச்சியும் அப்படித்தான் நினைத்து, பிள்ளை வெளியே வரும், உட்காருங்கள் என்று சொல்லியிருந்தார். அவர் கையிலும் ஒரு பட்டை இருந்தது. அதில் சிவப்பு விளக்கு.

"மேடம், ஒங்களுக்கும் அட்ரஸ் கெடைக்கலையா?" என்றாள் ரெக்ஸலின்.

"காலைல எட்டரைலேருந்து" என்றார் அவர். "மெஹர்பானு. திருச்சிலேருந்து வரேன். உங்க காலேஜ்ல இன்னைக்கு வைவா எடுக்கணும்னு கூப்பிட்டாங்க. நான் இன்னும் வரலைன்னு மெஷின் சொல்லுதாம், அதனால இந்தத் தம்பி என்னை யாரோ பிள்ளையோட அம்மான்னு நெனச்சிட்டாரு. சரி, வர்ற வரைக்கும் உக்காருவோம்னு உக்காந்திருக்கேன்."

ரெக்ஸலின் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே ஓடினேன். துறைத்தலைவரிடம் தேர்வாளர் வாசலில் இருக்கிறார் என்றேன். அவர் திரையைக் காட்டினார். வரவில்லை என்று போட்டிருந்தது. வந்திருந்தால் வந்திருப்பார் என்று விளக்கினார். தேர்வாளர் வராததால் வைவாவை அரவணைப்பே நடத்திக்கொண்டிருக்கிறது, மாணவர்கள் எல்லாரும் மிகச் சிறப்பாகப் பதில் சொல்கிறார்கள், முக்கியமாக நான்காம் பிளாக் மாணவர்கள் என்றும் சொன்னார். தரச்சான்றுக் குழு அசந்துபோய் உட்கார்ந்திருக்கிறதாம்.

நான் திரும்பி வந்தபோது கொட்டகையில் வைவா நடந்துகொண்டிருந்தது.

மெஹர்பானு மேடம் கடலைமிட்டாயைப் பாதியில் வைத்துவிட்டிருந்தார். குரலை எப்படிச் செய்தான், அழுகையை எப்படி வயதுக்குக் கொண்டுவந்தான், மூச்சு வாங்கும் இடங்களை எங்கிருந்து எடுத்தான் என்று விடாமல் கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னான். பலூன் அழுகையைப் போட்டும் காட்டினான்.

"நெட்வொர்க் இல்லாத எடத்துல உன் ப்ராஜெக்ட் என்ன ஆகும்?" என்றார்.

"இப்ப நடக்குதே மேடம், இதான் ஆவும். பக்கத்துல ஒரு கம்ப்யூட்டரும், அதத் தர ஒரு ஆளும் இருந்தா போதும்."

"குரல் கொஞ்சம் மூக்கால பேசுற மாதிரி இருக்கே."

"எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் மேடம்."

மேடம் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தார். பிறகு தன் பட்டையைப் பார்த்து யோசித்தார். கேட்டுக்குள் போயிருந்தால் அவருடைய ஒப்புதல் துறைக்குப் போய், அலுவலகத்துக்குப் போய், பல்கலைக்கழகத்துக்குப் போய், கம்பெனிக்குப் போய், அங்கிருந்து பெட்டிக்கு வர ஆறு மாதம் ஆகும் என்றார். ரெக்ஸலின் அவரைத் தொடர விடவில்லை.

"மேடம், ஒங்க கையெழுத்து ஒங்க பட்டைக்குள்ளதானே இருக்கு. சரியான கையெழுத்தான்னு பாக்க பெட்டிக்கே தெரியும். நடுவுல உள்ளவங்க எல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. நாம மூணு பேரும் வாசல்ல உக்காந்திருக்கோம்."

மேடம் கையில் ஒட்டியிருந்த கடலைமிட்டாய்த் துகளைத் தட்டிவிட்டார். பிறகு பட்டையை ஏகாம்பரத்தின் கழுத்துப் பெட்டிக்கு நேராக நீட்டி அழுத்தினார். பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. பழைய ரயில் குரல் அன்றோடு நடைமேடையை விட்டுப் புறப்பட்டது.

ரெக்ஸலினுக்கும் அங்கேயே வைவா எடுத்தார். அவள் வழக்கம்போலக் கேட்ட கேள்விக்குப் பதிலும் கேட்காத கேள்விக்குப் பதிலும் சொன்னாள். ஆனால் இல்லாத தேர்வாளர் இல்லாத இரண்டு பேருக்குப் போட்ட மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ள இடமில்லை. அரவணைப்பு இருவருக்கும் ஆப்சென்ட் போட்டது. மேடம் பல்கலைக்கழகத்தில் நடையாய் நடந்து, இருவரும் மறுதேர்வில் தேறியதாக ஆக்கினார். மறுதேர்வில் தேறியவர்களுக்கு மெடல் கிடையாது. கல்லூரிக்கு மட்டும் உயர்ந்த தரச்சான்று கிடைத்தது.

பட்டமளிப்பு விழாவுக்கு எல்லாரும் வந்திருந்தோம். தாளாளர் மேடையில் பட்டுச் சட்டையோடு இருந்தார். சிறப்பு விருந்தினர் டெல்லியிலிருந்து வந்தவர், தங்க மெடலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மெடல் பெறுபவர் பெயரை அரவணைப்பே தேர்ந்தெடுத்து ஒலிபெருக்கிக்குக் கொடுத்தது.

"சு. மிருதுளாதேவி" என்றது ஒலிபெருக்கி.

யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி அழைத்தது. தாளாளர் நெற்றியைத் துடைத்தார். துறைத்தலைவர் தன் காலணியில் எதையோ தேடினார். விருந்தினர் மெடலோடு கூட்டத்தைத் துழாவிப் பார்த்தார். மூன்றாவது முறை அழைத்தபோது பின் வரிசையிலிருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, மூக்கால் ஒரு குரல் வந்தது.

"உள்ளேன் ஐயா."

ஏகாம்பரம் எழுந்து நின்றிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெக்ஸலினை முழங்காலால் இடித்து எழுப்பினான். அவள் அவனை முறைத்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். தாளாளர் முகத்தைப் பார்த்தாள். இவள் மிருதுளாதேவி இல்லை என்று அவர் சொல்லலாம். சொன்னால் மிருதுளாதேவி யார், எங்கே என்று விருந்தினர் கேட்பார். அவள் இதையெல்லாம் நடந்துகொண்டே யோசித்திருக்க வேண்டும், ஏனென்றால் படியேறும்போது அவள் நடையில் எந்த அவசரமும் இல்லை.

விருந்தினர் கழுத்தில் போட்டார். தாளாளர் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினார்.

அந்த மெடல் இப்போது தூத்துக்குடியில் அவள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. போன மாதம் நானும் ஏகாம்பரமும் போயிருந்தோம். அவள் அம்மா மீன் பொரித்துப் போட்டுவிட்டு, மெடலைக் கழற்றி வந்து எங்கள் முன்னால் வைத்தார். தங்கம் நல்ல தங்கம்தான், ஆனால் அதில் ஏன் வேறு பெயர் போட்டிருக்கிறது, கேட்டால் இவள் சொல்லமாட்டேன் என்கிறாள், யார் இந்த மிருதுளாதேவி என்று கேட்டார்.

நான் மீனைப் பார்த்தேன். ஏகாம்பரம் பெட்டியைத் தொட்டுக்கொண்டான்.

"அவளா" என்றாள் ரெக்ஸலின், முள்ளை எடுத்துக்கொண்டே. "என் எடத்துல துண்டு போட்டவ."